பூமிக்கடியில் ஒரு துளி

கோலார் தங்கவயல் மக்களுக்குக் காலடியிலிருக்கும் பூமி ஒருபோதும் வெறும் தரையாக இருந்ததில்லை. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டிய ஊர் இது. நள்ளிரவில் அலமாரிப் பாத்திரங்கள் கிலுகிலுவென்று நடுங்கினால், அது பாறை வெடிப்பு என்று குழந்தைகளும் அறிந்து, அந்நேரம் ஷிப்டுக்குப் போயிருந்த தகப்பனை நினைத்துத் தாய்மார் எழுந்து உட்கார்ந்த ஊர் இது. கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் நிகழ்வதைக் கருவியின் துணைகொண்டு அறிந்தாக வேண்டும் என்ற கட்டாயம், நிலநடுக்கத்தைப் பதிவு செய்யும் கருவியொன்றை 1912-ஆம் ஆண்டிலேயே இங்கே கொண்டுவந்து நிறுத்தியது. 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இதே தங்கவயலில் தோன்றியதற்கும் அந்த நெடுங்கால அநுபவமே மூலகாரணம். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்கங்கள் மூடப்பட்டன. கூண்டு இறங்குவதில்லை, சங்கு ஊதுவதில்லை. ஆனாலும் பூமிக்கடியில் நடப்பதை ஊகித்துக்கொண்டே வாழும் பழக்கம் பழைய தொழிலாளிகளை விட்டுப் போகவில்லை.

சென்ற ஆண்டு தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பெட்ரோல் பங்க்கைச் சில வாரங்கள் மூடிவிட்டு, தளத்தின் கான்கிரீட்டை உடைத்து, பள்ளம் தோண்டி, பழைய இரும்புக் குழாய்களை வெளியே எடுத்தார்கள். வேடிக்கை பார்க்க நின்றவர்களில் நானும் ஒருவன். எனக்கு அருகே, சாம்பியன் ரீப்பில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். வெளியே எடுத்துப் போட்ட குழாயைக் குனிந்து கையால் தடவினார். மேற்பாதி பூசிய கருந்தாரோடு அப்படியே இருந்தது. அடிப்பாதியோ அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் குழிகுழியாகப் போயிருந்தது. "மேலே பார்த்தா புதுசு, தம்பி. கீழேதான் தின்னிருக்கு," என்றார். இரும்பைத் தின்பது எது, தின்பதைத் தோண்டாமலே அறிவது எப்படி, அறிந்தபின் செய்ய வேண்டியது என்ன என்ற மூன்று கேள்விகளையும் அந்த ஒரு குழாயே எழுப்பிவிட்டது.

முதற் கேள்விக்கு விடை, சுரங்கத் தொழிலாளிகள் வேறொரு காரணத்தால் அறிந்திருக்கும் ஒரு பெயரோடு தொடர்புடையது. 1815-ஆம் ஆண்டில், நிலக்கரிச் சுரங்கங்களில் வாயு தீப்பற்றி வெடிப்பதைத் தடுக்கக் கம்பிவலை சூழ்ந்த பாதுகாப்பு விளக்கைச் செய்துதந்த ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில விஞ்ஞானி, ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1824-இல், கடற்படைக் கப்பல்களின் அடியில் போர்த்திய செப்புத் தகடு உப்புநீரில் அரிக்கப்படுவது ஏன் என்று ஆராயப் புகுந்தார். அரிப்பு என்பது ஒரு மின்சார வியாபாரம் என்று அவர் கண்டார். செம்பைவிட எளிதில் கரையும் இரும்பையோ துத்தநாகத்தையோ அதனோடு இணைத்துவிட்டால், இணைத்த உலோகம் தான் கரைந்து செம்பைக் காப்பாற்றியது. செம்பு கரையாமற்போகவே, அதன் நஞ்சுக்கு அஞ்சி விலகியிருந்த கடற்சிப்பிகள் கப்பலின் அடியில் தாராளமாக வந்து ஒட்டிக்கொண்டன என்பதும், அதனால் கடற்படையினர் அம்முறையைக் கைவிட்டார்கள் என்பதும் அவருக்கு நேர்ந்த ஏமாற்றம். எனினும் தத்துவம் பிழையற்றது. இன்று உலகெங்கும் புதைத்த எண்ணெய்க் குழாய்களோடு மக்னீசியக் கட்டிகளைக் கம்பியால் பிணைத்துப் பலியிடுவது டேவி காட்டிய வழியில்தான்.

புதைந்த இரும்புக் குழாயில் நடப்பது இது. குழாயின் மேற்புறம் தளர்ந்த மண்ணில் காற்றோட்டம் பெறுகிறது. அடிப்புறம் இறுகிய ஈரமண்ணில் பிராணவாயுவின்றிக் கிடக்கிறது. ஒரே இரும்பின் இரு பகுதிகளுக்கிடையே இவ்வேற்றுமை ஒரு சிறு மின்கலத்தைத் தோற்றுவிக்க, பிராணவாயு குறைந்த பக்கம் கரையத் தொடங்குகிறது. ஒரு ஆம்பியர் மின்சாரம் ஓராண்டு முழுவதும் ஓடினால் ஒன்பது கிலோ இரும்பு கரையும். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஓடினாலும் ஆண்டுக்கு ஒன்பது கிராம். நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள குழாய்ச் சுவரில் ஐந்து மில்லிமீட்டர் அகலத் துளை விழுவதற்கு ஒரு கிராமுக்கும் குறைவான இரும்பு போனாலே போதும் என்பதை நினைத்தால், முழுக் குழாயும் உறுதியாக இருக்க ஒரேயொரு புள்ளியில் மட்டும் ஓட்டை விழுவது ஏன் என்பது விளங்கும். பூசிய தாரில் எங்கே ஒரு கீறல் இருக்கிறதோ அங்கே அரிப்பு முழுவதும் குவிகிறது. அரைகுறைப் பூச்சு, பூச்சே இல்லாததைக் காட்டிலும் விரைவில் துளையிடும்.

இனி இரண்டாவது கேள்வி. இதற்கு விடை காண, பங்க்கின் அடியில் என்ன இருக்கிறது என்பதை முதலில் மனக்கண்ணால் பார்க்க வேண்டும். உருளை வடிவில் படுக்கவைத்த எஃகுத் தொட்டி, பெரும்பாலும் இருபதாயிரம் லிட்டர் கொள்வது, மணல் படுக்கைமேல் கிடக்கிறது. அதிலிருந்து ஒரு குழாய் நாம் வண்டியை நிறுத்தும் டிஸ்பென்சருக்கு வருகிறது; மற்றொரு மெல்லிய குழாய் ஆவி வெளியேறும் பொருட்டு மதிலோரம் உயர்ந்து நிற்கிறது. எண்ணெய் டிஸ்பென்சருக்கு வரும் வழிகள் இரண்டு. டிஸ்பென்சருக்குள்ளேயே பம்பு இருந்து எண்ணெயை உறிஞ்சுவது பழைய வழி. தொட்டிக்குள் மூழ்கிய பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ளுவது புதிய வழி. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை சிறிதாகத் தோன்றினாலும் கசிவின் விஷயத்தில் அதுவே தலைவிதியை நிர்ணயிப்பது. உறிஞ்சும் குழாயில் ஓட்டை விழுந்தால், வெளிக்காற்று உள்ளே புகும், பம்பு தடுமாறும், குழாய் தொட்டியை நோக்கிச் சரிவாகப் பதிக்கப்பட்டு, எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் வால்வு பம்பின் அடியிலேயே அமைந்திருக்குமாயின், குழாயிலுள்ள எண்ணெய் முழுவதும் தொட்டிக்கே திரும்பி இறங்கிவிடும். அக்குழாய் தன் நோயைத் தானே சொல்லிவிடுகிறது. அழுத்தித் தள்ளும் குழாயிலோ, சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோ அளவிலான அழுத்தம் ஓட்டையின் வழியே எண்ணெயை மண்ணுக்குள் பீய்ச்சுகிறது. நாசிலின் முனையில் வாடிக்கையாளருக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை. வேகமாக நிரப்புகிறது என்று நாம் மெச்சும் வசதிக்குள் இந்த அபாயம் ஒளிந்திருக்கிறது.

தினந்தோறும் காலையில் பித்தளை டிப் ராடைத் தொட்டிக்குள் இறக்கி, நனைந்த கோட்டைப் பார்த்து, விற்ற கணக்கோடு ஒத்துப் பார்ப்பது எல்லாப் பங்க்குகளிலும் உள்ள வழக்கம். ராடின் நுனியில் ஒரு பசையைத் தடவி இறக்கினால், தொட்டியின் அடியில் நீர் புகுந்திருக்கும் பட்சத்தில் பசை நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். இவை நல்ல வழக்கங்களே. ஆனால் பெட்ரோல் உஷ்ணத்துக்கு மிகவும் வசப்பட்ட வஸ்து. பத்தாயிரம் லிட்டர் ஒரு டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் ஒன்பது லிட்டருக்கு மேல் சுருங்கிவிடும். வெயிலில் ஓடிவந்த டேங்கர் லாரி பன்னிரண்டாயிரம் லிட்டரை இறக்க, அது மண்ணின் குளிர்ச்சியில் பத்து டிகிரி ஆறினால், ஒரு துளியும் கசியாமலே நூறு லிட்டருக்கு மேல் குறைந்ததாகக் கணக்கு காட்டும். ஆவியாகப் போவதும், ராடில் கோட்டைப் படிப்பவரின் கண்பிழையும் இதனோடு சேரும். இத்தனை ஆட்டத்துக்கிடையே, உண்மையாகவே நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் மண்ணுக்குள் போனால் அது எந்தக் கணக்கில் தெரியும்?

ஆகவேதான் தனியான பரிசோதனைகள் தோன்றின. குழாயை இருமுனையிலும் அடைத்து, அது வேலை செய்யும் அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றி, அந்த அழுத்தம் தாழாதிருக்க எவ்வளவு எண்ணெயை மேலும் செலுத்த வேண்டியிருக்கிறது என்று அளப்பது குழாய்ப் பரிசோதனை. இதில் சோதிப்பவரை ஏமாற்றுவன இரண்டு. ஒன்று உஷ்ணம், மற்றொன்று குழாயின் மேட்டில் சிக்கிக்கொண்ட காற்றுக்குமிழி. காற்று அழுந்தி விரியும் இயல்புடையதாதலால், ஓட்டையிருந்தும் சிறிது நேரம் அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்து, சோதிப்பவரைத் தவறான நிம்மதியில் ஆழ்த்தும். அநுபவமுள்ளவர் முதலில் காற்றை வெளியேற்றுவார். பிறகு குழாயும் எண்ணெயும் மண்ணும் ஒரே உஷ்ணத்துக்கு வரும்வரை காத்திருப்பார். இந்தக் காத்திருப்பைச் சுருக்கிக்கொண்ட பரிசோதனையின் சான்றிதழை நான் நம்பமாட்டேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இத்துறைக்கு வகுத்த விதியின்படி, ஆண்டுதோறும் செய்யும் குழாய்ப் பரிசோதனை மணிக்கு 0.1 காலன் கசிவைக் கண்டுபிடிக்கும் திறனுடையதாக இருக்க வேண்டும். அது நம் அளவில் மணிக்கு 0.38 லிட்டர், ஆண்டுக் கணக்கில் மூவாயிரத்து முந்நூறு லிட்டர். இப்பொழுது வினாடிக்கு ஒரு துளி வீதம் கசியும் ஒரு குழாய் மூட்டினை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் துளி நீர்த்துளியைவிடச் சிறியது; ஏறத்தாழ ஐம்பது துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மில்லிலிட்டர் ஆகும். ஆயினும் நாள் முழுவதும் சொட்டினால் ஒன்றே முக்கால் லிட்டர். ஆண்டு முழுவதும் சொட்டினால் அறுநூறு லிட்டருக்கு மேல். இக்கசிவு அந்தப் பரிசோதனையின் கண்ணுக்குப் படவே படாது. சோதனையில் தேறிய குழாய் என்றால், அந்தக் கருவி காணக்கூடிய அளவில் அதில் கசிவில்லை என்பதுதான் பொருள். கசிவே இல்லை என்று பொருள் கொள்ளும் உரிமை நமக்கு இல்லை. இந்த ஒரு விஷயத்தைப் பங்க் நடத்துவோரும், அதன் அண்டையில் வசிப்போரும், அநுமதி வழங்கும் அதிகாரிகளும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையை நான் எழுதப் புகுந்ததன் நோக்கம்.

அறுநூறு லிட்டர் என்ன பெரிது என்று ஒருவர் கேட்கலாம். நம் நாட்டுப் பெட்ரோலில் பென்சீன் என்ற ரஸாயனம் நூற்றுக்கு ஒரு பங்கு வரை இருக்கலாம். அது ரத்தப் புற்றுநோயை உண்டாக்குவது என்பது ஐயமற நிறுவப்பட்டது. குடிநீரில் அது லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலிலுள்ள பென்சீன் முழுவதும் கரையுமாயின், எட்டு லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட நீர் அந்த வரம்பைத் தாண்டிவிடும். கண்ணுக்கு அந்நீர் பளிங்குபோல் தெளிவாகவே தெரியும்.

நம் ஊரின் நிலவமைப்பு இந்த அபாயத்தை மிகுவிக்கிறது. மணற்பாங்கான ஊர்களில் கசிந்த எண்ணெய் ஒரே சீராகப் பரவும்; அதன் எல்லையை ஒருவாறு வரைந்து காட்டலாம். தங்கவயலோ கடினமான பாறைப் படுகையின்மேல் அமர்ந்திருப்பது. இங்கே நிலத்தடி நீர் பாறையின் வெடிப்புகளிலேதான் ஓடுகிறது. எண்ணெயும் அவ்வெடிப்புகளின் வழியே ஓடும். பக்கத்து வீட்டு ஆழ்துளைக் கிணறு தூய்மையாக இருக்க, நான்கு தெரு தள்ளியுள்ள கிணற்றில் நாற்றம் எழுவது இங்கே சாத்தியம். மழைக்காலத்தில் நீர்மட்டம் உயர, அதன்மேல் மிதக்கும் எண்ணெயும் உயர்ந்து, வெயிற்காலத்தில் தாழும்பொழுது வழியெல்லாம் பாறையிலும் மண்ணிலும் பூசிக்கொண்டே இறங்குவதால், ஒருமுறை கெட்டது பல மழைக்கும் கெட்டதாகவே இருக்கிறது. சயனைடு கரைசலால் தங்கத்தைக் கழுவியெடுத்த பின் குவித்த மண்மேடுகளின் தூளை ஒரு நூற்றாண்டாகச் சுவாசித்த ஊர், பேத்தமங்கலத்துப் பாலாற்று நீரைக் குழாயில் பெற்று வளர்ந்து, இன்று ஆழ்துளைக் கிணறுகளையும் நம்பி வாழும் ஊர், மண்ணில் இன்னொரு நஞ்சைத் தாங்கும் நிலையில் இல்லை. இங்கே பூமியில் இறங்குவது பாலாற்றின் பள்ளத்தாக்குக்கு உரியது. அந்தப் பள்ளத்தாக்கு வாணியம்பாடி, ஆம்பூர் என்று தமிழ்நாட்டுக்குள் நீண்டு செல்கிறது.

இதெல்லாம் வெறும் கற்பனை அச்சம் அன்று. 2013-ஆம் ஆண்டில் சென்னைத் தண்டையார்பேட்டையில் வீட்டுக் கிணறுகளிலும் ஆழ்துளைக் குழாய்களிலும் நீரோடு எண்ணெய் வந்தது. துறைமுகத்திலிருந்து பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தின் சேமிப்பு நிலையத்துக்குச் செல்லும் நிலத்தடிக் குழாயில் கசிவு இருந்தது பின்னர் தெரியவந்தது. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. மண்ணையும் நீரையும் மீட்கும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. அந்தக் கசிவை முதலில் அறிவித்த கருவி, குடத்தோடு கிணற்றடிக்குச் சென்ற பெண்களின் மூக்கு. எத்தனை நாள் கசிந்த பிறகு அது நாசியை எட்டியிருக்கும் என்று எண்ணும்பொழுது மனம் கலங்குகிறது.

அமெரிக்காவில் இதே பாடத்தை மிகுந்த விலை கொடுத்துக் கற்றார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஊருக்கு ஊர் புதைத்த பாதுகாப்பற்ற எஃகுத் தொட்டிகள், முப்பது ஆண்டு கழித்து ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டையாகவே, 1984-இல் சட்டமும், 1988-இல் விதிகளும் செய்து, 1998 டிசம்பர் 22-ஆம் தேதியைக் கெடுவாக வைத்துப் பழைய தொட்டிகளைத் திருத்தவோ மூடவோ கட்டளையிட்டார்கள். சட்டம் வந்தது முதல் அங்கே உறுதிசெய்யப்பட்ட கசிவுகள் ஐந்து லட்சத்துக்கும் மேல். நம் நாட்டில் 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டமும், அதன்கீழ் 2002-இல் வெளியான விதிகளும், நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் மேற்பார்வையில் நடைமுறையில் உள்ளன. புதிதாக நிறுவிய தொட்டியையும் பழுது பார்த்த தொட்டியையும் நீரழுத்தத்தால் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்றும், அச்சோதனைக்கான நீர் வழக்கமாக எண்ணெய் செல்லும் குழாய் வழியாகவோ பம்பு வழியாகவோ வரலாகாது என்றும் நம் விதி கூறுகிறது. மிச்சமிருக்கும் எண்ணெய் நீரோடு கலந்து தொட்டிக்குள் ஆவியைப் பரப்பிவிடக் கூடாதே என்ற முன்யோசனை அதில் தெரிகிறது.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். பரிசோதனையின் கண் எட்டாத சிறு துளியை எப்படிப் பிடிப்பது? துளி மண்ணை அடையாதபடி அதற்கு இரண்டாவது சுவர் ஒன்றை எழுப்புவதே வழி. குழாய்க்குள் குழாய், தொட்டிக்குள் தொட்டி என்று இரட்டைச் சுவர் அமைத்தால், இரண்டுக்கும் இடையேயுள்ள வெற்றிடத்தில் வந்து சேரும் ஒரு கரண்டி எண்ணெய்கூடத் தன் இருப்பைத் தெரிவித்துவிடும். குழாய்கள் வந்து கூடும் இடங்களில், டிஸ்பென்சரின் அடியிலும் தொட்டியின் தலைமேலும், கண்ணாடி நாரிலோ கனத்த பாலிஎத்திலினிலோ செய்த தொட்டிபோன்ற ஒரு கூடையை வைக்கிறார்கள். அதைத்தான் தொழிலாளிகள் சம்ப் என்கிறார்கள். மூட்டுகளிலிருந்து சொட்டுவதெல்லாம் அதில் தங்கும். திறந்து பார்த்தால் தெரியும்.

ஆனால் சம்பின் சுவரைத் துளைத்துக்கொண்டுதானே குழாய் உள்ளே வர வேண்டும்! அந்த இடத்தைச் சுற்றிப் போடும் ரப்பர் உறைதான் இந்த ஏற்பாடு முழுவதன் பலவீனம். பெட்ரோல் ஆவி பட்டுப்பட்டு ரப்பர் உப்புகிறது; பிறகு வெடிக்கிறது; எத்தனால் கலந்த எண்ணெய் சில ரப்பர் வகைகளை இன்னும் விரைவாகக் கெடுக்கிறது. உறை வெடித்த சம்ப், கசிந்த எண்ணெயைத் தாங்குவதற்கு மாறாக மழைநீரை உள்ளே விட்டுக்கொண்டு, உள்ளிருப்பதை வெளியே விட்டுக்கொண்டு கிடக்கும். ஆகையால் காவலனையும் சோதிக்க வேண்டியதாகிறது. அமெரிக்காவில் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் இதை மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது. முறை மிக எளிது: மிக உயரத்திலுள்ள குழாய்த் துளைக்கு மேலே பத்து சென்டிமீட்டர் நிற்கும்படி நீர் நிரப்பி, ஒரு மணி நேரம் காத்திருந்து, மட்டம் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தாழ்ந்ததா என்று பார்க்க வேண்டும். சோதித்த நீரில் எண்ணெய் கலந்திருக்குமாதலால் அதைச் சாக்கடையில் விடலாகாது. பீப்பாயில் சேர்த்து முறைப்படி அகற்ற வேண்டும்.

பழுது பார்ப்பதில் ஒரு விதியை மட்டும் அழுத்திச் சொல்வேன். அரித்து ஓட்டையான இரும்புக் குழாயை ஒட்டுப் போட்டு மீண்டும் புதைக்கலாகாது. அந்தப் பகுதியை மாற்றியாக வேண்டும். ஓட்டை ஒன்று தெரிந்த இடத்தில், தெரியாதவை பல பாதி வழியில் இருக்கின்றன. தொட்டிக்குள் ஆள் இறங்க நேருமாயின் அபாயம் வேறுவகைப்பட்டது: பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமாதலால் அடியிலேயே தங்கும், காற்றில் அது நூற்றுக்கு 1.4 முதல் 7.6 பங்கு வரை இருந்தால் ஒரு பொறி போதும். காலித் தொட்டிதான் நிறைந்த தொட்டியைவிடக் கொடியது. ஆவி முழுவதும் நீங்கியது என்று கருவியால் அளந்து எழுதித் தந்த பிறகே எந்த மனிதனையும் உள்ளே அனுப்பலாம்; அந்தச் சீட்டு இல்லாமல் ஏழைத் தொழிலாளியைக் கயிறு கட்டி இறக்குவது கொலைக்கு ஒப்பானது.

ராபர்ட்சன்பேட்டைப் பங்க்கில் புதிய குழாய்களும் சம்புகளும் வைத்து, மண்ணை நிரப்புமுன் சோதனை செய்த நாளிலும் நானும் பெரியவரும் போயிருந்தோம். இளைஞன் ஒருவன் சம்பில் நீர் நிரப்பி, மட்டத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு கிழித்தான். ஒரு மணி நேரத்தில் நீர் கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கிவிட்டது.

"இறங்கிடுச்சே, அப்பா," என்றார் பெரியவர்.

"ஆமாம், தாத்தா. அந்த ரப்பர் சரியா உட்காரலை. கழட்டிப் போடணும்," என்றான் அவன், சிறிதும் மறைக்காமல்.

அவசரமாக மண் தள்ளிவிட எவரும் முனையவில்லை. நீரைப் பீப்பாயில் இறைத்து, உறையைக் கழற்றி, புதியதைப் பொருத்தி, வளையத்தை இறுக்கி, மறுநாள் காலையில் மீண்டும் நிரப்பினார்கள். பெரியவர் பள்ளத்தின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து, ஒரு காலத்தில் பாறையின் ஓசைக்குக் காது கொடுத்த அதே கவனத்தோடு அந்தச் சாக்குக்கோட்டையே ஒரு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருந்தார். நீர் கோட்டிலேயே நின்றது. அதன் பிறகுதான் முதல் கூடை மணல் பள்ளத்தில் விழுந்தது.